பூரண கிரகணமும் டிஜிட்டல் காமிராவும்

பூரண சூரிய கிரகணத்தைக் காணும் வாய்ப்பு ஒருவருக்கு வாழ்நாளில் ஓரிரு முறை கிடைத்தாலே அரிது. 2009ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலை, சந்திரனின் நிழல் சூரத், வாராணசி, பாட்னா ஆகிய நகரங்களின் வழியே சென்றது. பல இடங்களில் பருவமழை மேகங்கள் காட்சியை மறைத்தன. வாராணசியில் வானம் இடங்கொடுத்தது. எனினும் சூரியன் முழுவதும் மறைந்திருந்த நேரம் ஏறத்தாழ மூன்று நிமிஷமே. அந்நேரத்தில் காமிராவைத் திருகிக்கொண்டிருப்பவர் படத்தையும் இழப்பார், காட்சியையும் இழப்பார். இதனைத் தவிர்க்க டிஜிட்டல் காமிராவிலுள்ள இரு ஏற்பாடுகள் துணை புரிகின்றன.

முதலாவது, தொடர் படப்பிடிப்பு. பட்டனை அழுத்தியிருக்கும் வரை காமிரா விநாடிக்குப் பல படங்களை எடுத்துக்கொண்டே இருக்கும். சூரியன் மறையும் தறுவாயில், சந்திரனது விளிம்பிலுள்ள பள்ளங்களின் ஊடே ஒளி மணிமணியாய்த் தோன்றும். இறுதியில் ஒரே மணி வைர மோதிரம்போல் ஒளிரும். சில விநாடிகளே நிலைக்கும் இம்மாற்றங்களைப் பிடிப்பதற்கு இம்முறையே ஏற்றது. ஆனால், எடுத்த படங்கள் முதலில் காமிராவின் தற்காலிக நினைவகத்தில் தங்கிப் பின்னரே அட்டையில் பதிகின்றன. நினைவகம் நிரம்பினால் வேகம் தளரும். ஆதலின் அவசரப்பட்டு முன்னதாகவே அழுத்தலாகாது.

இரண்டாவது, ‘பிராக்கெட்டிங்’ எனப்படுவது. அதாவது, ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் அடுத்தடுத்து எடுப்பது. மறைந்த சூரியனைச் சூழ்ந்து தோன்றும் கொரோனாவின் ஒளி, விளிம்பிலிருந்து வெளியே செல்லச் செல்ல ஆயிரத்தில் ஒரு பங்காகவும் அதற்கும் கீழாகவும் குறைகிறது. உட்பகுதிக்கு ஏற்ற ஒளியளவில் வெளிப்பகுதி இருண்டுவிடும். வெளிப்பகுதிக்கு ஏற்றதில் உட்பகுதி வெளுத்துவிடும். ஒரு படி கூட்டினால் ஒளி இரு மடங்காகும். இரண்டு படி இடைவெளியில் ஐந்து படங்கள் என்று அமைத்தால், 1/250, 1/60, 1/15, 1/4, 1 விநாடி என ஷட்டர் நேரம் தானே மாறிவரும். லென்ஸின் திறப்பை மாற்றாது நிலையாக வைத்தல் வேண்டும். தொடர் படப்பிடிப்பையும் உடன் அமைத்துக்கொண்டால், பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்தாலே ஐந்தும் கிடைக்கும். பின்னர் அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றாக இணைக்கலாம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டுமாதலால் முக்காலி இன்றியமையாதது.

ஓர் எச்சரிக்கை. சூரியனின் ஒரு கீற்றேனும் தெரியும்வரை, வடிகட்டியின்றிக் காமிராவின் காட்சித்துளை வழியே நோக்கினால் பார்வை பறிபோகும். வைர மோதிரத்துக்காக லென்ஸின் வடிகட்டியை நீக்குபவர், கண்ணை விலக்கிக்கொண்டு, கம்பிவிசையால் இயக்குதல் நலம்.

இந்திய மண்ணில் அடுத்த பூரண கிரகணம் 2034ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், வடகோடியிலுள்ள லடாக்கில் தெரியும். அதுவரை பௌர்ணமி தோறும் நிலவைக்கொண்டு பழகலாம். அன்று கை தானே இயங்குமாயின், கண் கிரகணத்தைக் காண ஓய்வு பெறும்.