கரிசல் பருத்தி – 17: நனைத்த பிறகு வெட்டு

புதுத் துணியில் ஒட்டுப்போர்வை தைப்பவர், வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்துவிட வேண்டுமா? பழந்துணியில் தைப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வீடுகளில் பிள்ளைக்கு விரிப்பதற்குப் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பது வழக்கம். வங்காளத்துக் காந்தாவும் வட கர்நாடகத்துக் கவுதியும் இதே வகைதான். பல வருஷம் உடுத்தித் துவைத்த சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போன பிறகுதான் ஊசிக்கு வருகிறது. தறியிலிருந்து புதிதாக இறங்கிய துணியில் இவை எல்லாம் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூலுக்கு அத்தனை இழுப்பு இல்லை. துணி நனைந்ததும் பாவு அந்த இழுப்பிலிருந்து விடுபடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. பருத்தி இழை தண்ணீரில் ஊறும்போது நீளத்தில் கூடுவதைவிடப் பருமனில்தான் அதிகம் கூடும். நூல் பருத்தால், குறுக்கே வரும் நூலை வளைத்துக்கொண்டு போக அதிக நீளம் தேவைப்படும். அந்த நீளம் துணியிலிருந்தே எடுக்கப்படுகிறது. காய்ந்த பிறகு வளைவு முழுவதும் நிமிர்வதில்லை. அதனால்தான் பருத்தித் துணி பெரும்பாலும் அகலவாட்டைவிட நீளவாட்டில் அதிகம் சுருங்குகிறது. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலே 90 அங்குலத்தில் நாலரை அங்குலம் குறைந்துபோகும்.

முழுச் சேலைக்கு இது பெரிய இழப்பில்லை. ஒட்டுப்போர்வையில் நிலைமை வேறு. ஒரு துண்டின் நீளவாடும் அடுத்த துண்டின் அகலவாடும் ஒரே தையலில் சேர்கின்றன. கைத்தறிக் கட்டத்துக்குப் பக்கத்தில் பாலியஸ்டர் கலந்த துணி வந்து நிற்கிறது. முதல் சலவையில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழும். இழுபடுகிற இடத்தில் நூல் அறுந்தும் போகலாம். 1930 வாக்கில் அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூட் துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் எந்திர முறையைக் கொண்டுவந்தார். அப்படிப் பதப்படுத்திய மில் துணி பிறகு மிகக் கொஞ்சமே சுருங்கும். கைத்தறித் துணி பெரும்பாலும் அந்த எந்திரத்துக்குள் போவதில்லை.

அடுத்தது கஞ்சி. நெய்யும்போது அறுந்துவிடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அது துணியில் தங்கினால் ராமபாணப் பூச்சிக்குத் தீனியாகும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க, துணி ஓரத்தில் ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால் போதும். கருநீலமாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது.

சாயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், வெள்ளைத் துண்டில் ஏறிய சிவப்பைப் பிறகு எடுக்க முடியாது. 1958-ல் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணி, துவைக்கும் முறை சொல்லப்படாமலே நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விற்பனைக்குப் போனது. துவைத்ததும் சாயம் இறங்கிப் புகார்கள் குவிந்தன. பிறகு, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து மாறுவதையே அந்தத் துணியின் சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டைக்குச் செல்லுபடியான அந்தச் சமாதானம் ஒட்டுப்போர்வைக்குச் செல்லாது. நிறங்கள் தனித்தனியாகத் தெரிவதில்தான் அதன் அழகே இருக்கிறது. 1956-ல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் நூலோடு வேதியியல் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்பவை. ஆனால் அவற்றிலும் ஒரு பங்கு ஒட்டாமல் நிற்கும். பட்டறையில் வெந்நீரில் நன்றாக அலசி எடுக்காவிட்டால் அது வீட்டுச் சலவையில் இறங்கும். முதல் நனைப்பில் கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ரியாக்டிவ் சாயத்தில் ஒட்டாமல் நிற்பதை உப்பு ஒட்டவைக்காது. ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

துவைக்கும்போது துணியை முழுசாகவே நனைக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால் ஓரம் பிரிந்து நூல் நூலாக வந்துவிடும். நான்கு மூலையையும் சாய்வாகக் கத்தரித்துவிட்டால் பிரிவது குறையும். அடர்ந்த நிறங்களைத் தனித்தனியாக ஊறவைத்து, அலசிய தண்ணீர் தெளியும்வரை மாற்ற வேண்டும். ஒரே நனைப்பில் சுருக்கம் முழுவதும் வந்துவிடாது. இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைப்பது நல்லது. உப்புத் தண்ணீர்க் கிணறுகளும் ஆழ்துளைகளும் உள்ள ஊர்களில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெளுத்த பிசுக்காகத் துணியிலேயே படியும். அங்கே சோப்பைவிடச் சலவைத்தூள் மேல். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். கரிசல் காட்டு வெயிலில் சாயம் வெளுக்கும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

துவைக்காமல் தைப்பதற்கும் நியாயம் உண்டு. எல்லாத் துண்டும் ஒரே பாவிலிருந்து வந்த ஒரே நிறத் துணியாக, ஒரே வாக்கில் வெட்டியதாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே சுருங்கும். தைத்த பிறகு விழும் மெல்லிய சுருக்கங்களையே விரும்பித் துவைக்காமல் தைப்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். பஞ்சை அடித்து நிரப்பிய மெத்தையைத் துவைப்பதே இல்லை, வெயிலில் போட்டு எடுப்பதோடு சரி. அதற்கு மேலுறையை மட்டும் முன்பே நனைத்தால் போதும். கஞ்சியுள்ள துணி விறைப்பாக நின்று நேராக வெட்டுப்படும் என்பதும் உண்மை. அந்த விறைப்பு வேண்டுமென்றால், துவைத்த துணிக்கே அரிசிக் கஞ்சியை நீர்க்கப் போட்டு, லேசான ஈரத்தில் நூல்வாக்குக் கோணாமல் இஸ்திரி போட்டு வெட்டலாம். போர்வை தைத்து முடிந்து முதல் சலவைக்குப் போகும்போது அந்தக் கஞ்சி கரைந்துவிடும்.