சொந்த ஊரில் வீடு, வந்த ஊரில் ஓட்டு

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "ஊர்ல வீடு இருக்கு, வரி கட்டறேன், எனக்கு ஏன் அங்கே ஓட்டு இல்லேங்கறான்?" 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. கடையில் ஓய்ந்த நேரத்தில் சட்டப் புத்தகம் புரட்டுவது எனக்குப் பழக்கம். பார்த்ததை எழுதுகிறேன்.

1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவருக்குத்தான் அங்கே ஓட்டு என்கிறது. அடுத்த 20ஆம் பிரிவு, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகமாட்டார் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பூட்டிய வீட்டுக்கு ஓட்டு கிடையாது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் ஒருவர் தன் ஊர்க்காரர் என்ற நிலையை இழக்கமாட்டார். ஆறு மாதம் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இது பொருந்தும். முப்பது வருஷமாக இங்கே கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்மைத் தற்காலிகம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

பழைய காலத்தில் கணக்கு வேறு. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு (921) குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும் என்கிறது. உடைமையும் குடியிருப்பும் சேர்ந்தே தகுதி. இன்றைய சட்டம் உடைமையைத் தள்ளிவிட்டுக் குடியிருப்பை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால்தான் வாடகைக்காரருக்கும், வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவருக்கும் ஓட்டு உண்டு. இது பெரிய மாற்றம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் பையன் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், 2010இல் சேர்த்த 20ஏ பிரிவின்படி, பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊரில் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஓட்டு நாளில் நேரில் வரவேண்டும், அவ்வளவுதான். நாக்பூரில் இருக்கும் அவன் அப்பாவுக்கு அது இல்லை!

வெளியூர்க்காரர் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப்போட, 72 தொகுதிகளை ஒரே இயந்திரத்தில் கையாளும் மாதிரி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசியது. யார் புலம்பெயர்ந்தவர், அங்கே ஏஜெண்டு யார் உட்காருவது என்ற கேள்விகளை எதிர்க்கட்சிகள் கிளப்பின. திட்டம் அப்படியே நின்றுபோனது. வந்துபோகும் கூலிக்காரருக்கு அது வரவேண்டும் என்பது என் கட்சி. நமக்கு அது தேவையில்லை. நம் தெருவின் தண்ணீரும் சாக்கடையும் இங்கே ஜெயிப்பவர் கையில்தானே இருக்கிறது.

2025இல், வடநாட்டுத் தொழிலாளர் பெயரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ப்பதா என்று ஒரு பேச்சு எழுந்தது. நம்மவர் சிலரும் கூடச் சேர்ந்து கோபப்பட்டார்கள். திருப்பூரில் குடும்பத்தோடு தங்கிவிட்ட பீகார்க்காரருக்குப் பொருந்துவது இதே 19ஆம் பிரிவுதான். அவருக்கு இல்லை என்றால் நாக்பூரில் எனக்கும் இல்லை.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். குடி மாறியவர் படிவம் 8 கொடுத்தால் பெயர் புது இடத்துக்கு மாறும், பழைய இடத்தில் நீங்கும். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. இரண்டு இடத்திலும் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து ஒன்றை நீக்கிக்கொள்ளுங்கள். 17ஆம் பிரிவு இரண்டு தொகுதியில் பெயர் இருப்பதை அனுமதிக்காது. பொய்யாக உறுதி எழுதிக் கொடுத்தால் 31ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. விடுதியில் படிக்கும் பிள்ளைகள் மட்டும் வீட்டு முகவரி, விடுதி முகவரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஊருக்குச் சொல்லும் உபதேசம் எனக்கும்தான். வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்திலும் இங்கேயும் என் பெயர் பல வருஷம் இருந்தது. கடையில் இரண்டு பேரேடு வைக்கச் சம்மதிக்காத நான், ஓட்டில் வைத்திருந்தேன். படிவம் 7இல் கையெழுத்துப் போடும்போது என் வீட்டுக்காரி, "இனிமே நாம அந்த ஊர் இல்லையா?" என்று கேட்டாள். பட்டாவில் பெயர் இருக்கிறது, ஜினாலயத்து வரிக் கணக்கிலும் இருக்கிறது என்றேன். அவள் பதில் பேசவில்லை.