காப்பி செய்தால் ஏன் பூட் ஆகாது?

உட்காருங்கள், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். உபுண்டு இறக்கினீர்கள், ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஃபைல் வந்தது. அதைப் பென்டிரைவில் காப்பி செய்து கம்ப்யூட்டரில் செருகினால் பூட் ஆகவில்லை, அவ்வளவுதானே? பென்டிரைவில் கோளாறில்லை. அந்த ஃபைலை ஜிப் மாதிரி நினைத்ததுதான் சிக்கல்.

ஜிப் என்பது வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டுவது. ஐஎஸ்ஓ, வீட்டையே அஸ்திவாரத்தோடு பெயர்த்து வைப்பது. டேட்டா சிடி ஒன்றில் ஒவ்வொரு செக்டாரிலும் 2,048 பைட் இருக்கும். வினாடிக்கு 75 செக்டார் என்பது கணக்கு. 74 நிமிட சிடிக்கு 3,33,000 செக்டார். பெருக்கினால் சுமார் 68 கோடி பைட். உறையில் 650 எம்பி என்று போட்டிருப்பது இதைத்தான். முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை வரிசை குலையாமல் படித்து ஒரே ஃபைலாக எழுதினால் அதுதான் டிஸ்க் இமேஜ். எந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பூட் ஆவதற்கான தகவல் எல்லாம் அதற்குள் அதனதன் இடத்திலேயே இருக்கும். அந்த அமைப்பை வரையறுத்த தரம் 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660. பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

கம்ப்யூட்டர் பூட் தகவலைப் பென்டிரைவில் தேடும். அங்கே கிடக்கும் ஒரு ஃபைலின் வயிற்றுக்குள் போய்த் தேடாது. அதனால் இமேஜைக் காப்பி செய்யக் கூடாது, ‘எழுத’ வேண்டும். ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான். எழுதினால் பென்டிரைவில் முன்பு இருந்தது போய்விடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வென்டாய் மட்டும் விதிவிலக்கு: அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தாலே போதும்.

உள்ளே இருப்பதைப் பார்க்க மட்டும்தான் வேண்டுமா? எதையும் எழுத வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தாலே புது டிரைவாக வந்து நிற்கும். இதைத்தான் மவுன்ட் என்கிறார்கள். படிக்கலாம், வெளியே காப்பி எடுக்கலாம், திருத்த முடியாது. வேலை முடிந்ததும் எஜெக்ட் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் மெயிலில் அனுப்பிய ஐஎஸ்ஓவை மட்டும் திறக்காதீர்கள். வைரஸ் அனுப்புகிறவர்களுக்கு இது பழகிய வழி.

பழைய பாட்டு சிடிக்கு வேறு கணக்கு. அதில் ஃபைல்களே கிடையாது, டிராக்குகள்தான். செக்டாருக்கு 2,352 பைட்டும் ஒலிக்கே போய்விடும். ஐஎஸ்ஓவில் அதற்கு இடமில்லை. அதனால் பின், கியூ என்று ஜோடியாக இமேஜ் எடுப்பார்கள். பின்னில் ஒலி இருக்கும். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான் கியூ. சின்னதாக இருக்கிறதே என்று அதை அழித்துவிட்டால், பாட்டுகள் எல்லாம் பிரிவில்லாத ஒரே நீளமாகிவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். இறக்கிய பக்கத்தில் ஷா-256 என்று 64 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை ஒன்று இருக்கும். உங்கள் ஃபைலுக்கும் அதைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ரூஃபஸிலேயே அதற்கு ஒரு பட்டன் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் ஃபைல் சரியில்லை என்றுதான் அர்த்தம், திரும்ப இறக்குங்கள். பாதி இன்ஸ்டாலில் நின்றுபோன கம்ப்யூட்டரோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம்.