வால்வு வில்லும் தள்ளுகோலும்

எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விழைவோர் முதலில் நாடுவது கேம் தண்டையே. வால்வுகள் எப்பொழுது திறத்தல் வேண்டும், எவ்வளவு உயர்தல் வேண்டும் என்பவற்றை வரையறுப்பது அத்தண்டேயாகும். ஆயினும், தண்டை மட்டும் மாற்றி, அதன் இயக்கத்தை வால்வுக்குக் கடத்தும் உறுப்புக்களைக் கவனியாது விடுவோமாயின், பயன் நாடிச் செய்த வேலை கேடாய் முடியும்.

1999ஆம் ஆண்டு முதற்கொண்டு செவ்ரலே சிறு லொறிகளில் இடம்பெற்ற 5.3 லீற்றர், எட்டுச் சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கேமின் மேடு டப்பற்றை உயர்த்த, அது தள்ளுகோலை உயர்த்த, கோல் றொக்கர் நெம்பின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கின்றது. நெம்பின் விகிதம் 1.7 ஆகும். திறப்பது கேமின் தொழில். மூடுவது வில்லின் தொழில்.

மூடுதல் எளிதன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலுங்கால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுதல் வேண்டும். இதற்கு வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. வேகம் 5,000இலிருந்து 6,000 ஆக உயரின், விசை 1.44 மடங்காதல் வேண்டும். வில் அதற்கு ஈடுகொடாவிடின் டப்பற் கேமைப் பின்பற்றாது விலகும். உரிய காலத்தில் மூடாத வால்வைப் பிஸ்ரன் மோதவும் கூடும்.

ஹூக் 1678இல் வெளியிட்ட விதியின்படி, வில்லின் விசை அதன் சுருக்கத்துக்கு நேர்விகிதமாகும். அங்குலத்துக்கு 400 இறாத்தல் வலிமையுடைய வில்லொன்று, வால்வு மூடியிருக்கையில் 120 இறாத்தல் விசை தருமெனக் கொள்வோம். வால்வு 0.55 அங்குலம் திறக்கையில் அது 340 இறாத்தலாகும். இருக்கையில் அவ்வில்லின் உயரம் 1.8 அங்குலமும், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 1.19 அங்குலமுமாயின், எஞ்சும் இடைவெளி 0.06 அங்குலமே. இவ்விடைவெளி அற்றுப்போயின் ஏதேனும் ஓர் உறுப்பு முறிதல் திண்ணம். எனினும், வேண்டியதினும் வலிய வில் கேமையும் டப்பற்றையும் வீணே தேய்க்கும்.

வில்லின் விசை நெம்பின் வழியே 1.7 மடங்காகித் தள்ளுகோலை அழுத்துகின்றது. மேற்கூறிய 340 இறாத்தல் 578 ஆகின்றது. மெலிந்த கோல் இதனால் வளைந்து, கேம் வகுத்த இயக்கத்தை மாற்றிவிடும். தூணின் வளைவைப் பற்றி ஒயிலர் கண்ட முறைப்படி, ஒரே வடிவான கோல்களின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளர்கின்றது. விட்டம் 5/16 அங்குலத்திலிருந்து 3/8 ஆகின் விறைப்பு ஏறக்குறைய இருமடங்காகும். கோல் தடிப்பின் அதன் திணிவும் கூடுமே எனின், கோல் வால்வினும் மெதுவாக இயங்குதலின், அத்திணிவு வால்வின்பால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகவே உணரப்படும். ஆகவே இங்கு இலேசினும் விறைப்பே விரும்பத்தக்கது. ஆனால் தடித்த கோல் தலைப்பகுதியின் துவாரத்தில் உரசாமை காணல் வேண்டும்.

நீளமும் முக்கியமானது. இவ்வெஞ்சினில் நெம்பைச் சரிசெய்யும் திருகு இல்லை. ஆதலால், எண்ணெயால் இயங்கும் டப்பற்றின் உள்ளழுத்தத்தைக் கோலின் நீளமே நிருணயிக்கின்றது. தொழிற்சாலைக் கோலின் நீளம் 7.4 அங்குலம். புதிய கேமின் அடிவட்ட ஆரை 0.025 அங்குலம் குறைந்திருப்பின், கோல் அந்த அளவு நீளல் வேண்டும். தலைப்பகுதியைச் சீவியிருப்பின் குறுகல் வேண்டும். கோல் மிக நீண்டால் வால்வு முற்றாக மூடாது கருகும். மிகக் குறுகினால் ஓசையும் தேய்வும் மிகும்.

ஆகவே, நீளம் மாற்றத்தக்க அளவுகோலொன்றை இட்டு அளந்த பின்னரே கோலை வாங்குதல் அறிவுடைமை. ஓர் உறுப்பை மாற்றுவோன் அதனோடு இயைந்த அனைத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடமாகும்.