அங்கன்வாடியும் முற்றமும்: குருவிநத்தத்தை முன்வைத்துத் திறந்தவெளி மழலையர் கல்வி

அங்கன்வாடி என்னும் பெயரின் முற்பகுதி முற்றத்தைச் சுட்டுவது. இன்று அது நான்கு சுவர்களுக்குள் அமைந்த ஓர் அறையாகவே கருதப்படுகிறது. திறந்தவெளி மழலையர் கல்வியை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை எனக் கொள்வோர் இப்பெயரை நோக்குவதில்லை.

புரோபெல் ஜெர்மனியில் 1837இல் தொடங்கிய மழலையர் பள்ளி பின்னர்க் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பெயர்பெற்றது. டென்மார்க்கில் 1950களில் காட்டுப்பள்ளிகள் தோன்றின. ஆயின் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் இன்றைய மகாராட்டிரத்துப் போர்டியில் தொடங்கிய முயற்சிக்கு வேறொரு காரணம் இருந்தது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. எனவே பள்ளியே அவர்தம் குடியிருப்பு முற்றத்திற்குச் சென்றது. விலைமிக்க மாண்டிசோரிக் கருவிகளுக்கு மாற்றாக விதையும் சிப்பியும் இலையும் கற்றல் பொருள்களாயின. பின்னர்க் கோஸ்பாடில் மாடு மேய்க்கும் சிறாருக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது.

1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் இப்பெயரை நாடெங்கும் பரப்பியது. ஊட்டச்சத்தும் தடுப்பூசியும் எடைப்பதிவும் முன்னின்றன. அவற்றின் இன்றியமையாமை மறுத்தற்குரியதன்று. முற்றம் மட்டும் பின்தங்கியது.

தென்பெண்ணையின் வடகரைப் பகுதியில், பாகூர் கொம்யூனில் அமைந்த குருவிநத்தம் மருதநிலச் சூழல் உடையது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், புள், மரம் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் வகுக்கும். இலக்கியத்திற்கு உரைத்த இவ்வைப்பு மழலையர் பாடத்திட்டத்திற்கும் பொருந்துவதே. வேப்பங்கொட்டையையும் புளியங்கொட்டையையும் பிரித்து வைக்கும் குழந்தை வகைப்படுத்தலைக் கற்கிறது. கொட்டாங்குச்சியால் நீர் முகந்து ஊற்றும்போது அளவை அறிகிறது. வரப்பு, மடை, மதகு, களம் ஆகிய சொற்கள் பொருளோடு சேர்ந்தே செவியில் விழுகின்றன. வரிக்குதிரையைச் சுவர்ப்படத்தில் கண்டு பெயர் சொல்லும் குழந்தை, தன் ஊர் மடைக்குப் பெயர் அறியாதிருப்பது மொழியாய்வாளரின் கவலைக்கும் உரியது.

இடர்களும் உண்டு. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. வாய்க்கால், பாம்பு, சித்திரை வெயில் பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஒரு மையத்திற்குப் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பதே பொதுநிலை. உதவியாளர் அடுப்படியில் இருக்க, பணியாளர் ஒருவராகவே பிள்ளைகளை வயலோரம் அழைத்துச் செல்லல் அரிது. ஆதலின் கட்டடத்திற்கு முன்னர், வெயில் ஏறாத காலைப்பொழுதில் உடன்செல்ல ஊரார் ஒருவருக்கு ஊதியம் ஒதுக்குவதே முதல் தேவையாகிறது.