ஃபூஜி மலைச் சாரலில் பழுத்த இலைகள்

நம் முன்னோர் ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் இலையுதிர்காலம் என்னும் பெயரில் ஒரு பொழுது இல்லை. நம் நிலத்து மரங்கள் பல நீர் குறைந்த வறண்ட நாள்களிலேயே இலையுதிர்க்கின்றன. குளிர்நாட்டு மரங்களோ பனி வருமுன் உதிர்க்கின்றன. அவ்வுதிர்வுக்கு முன் இலைகள் நிறம் மாறுவதைக் காண்பதையே ஒரு பண்பாடாக வளர்த்த நாடு ஜப்பான். அந்நாட்டின் ஃபூஜி மலையையும் அதன் ஐந்து ஏரிகளையும் சான்றாகக் கொண்டு, அக்காட்சியின் பின்னுள்ள இயற்கை முறைமையையும் இன்று அதில் நேர்ந்துள்ள மாற்றத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் ஏரிகளும்

ஃபூஜி 3,776 மீட்டர் உயரமுடைய எரிமலை. ஜப்பானின் மலைகளுள் மிக உயர்ந்தது. இறுதியாக அது கனன்று வெடித்தது 1707ஆம் ஆண்டில். அதன் வடபுறத்தே யமனாகா, கவாகுச்சி, சாய், ஷோஜி, மோதொசு என ஐந்து ஏரிகள் அமைந்துள்ளன. இவை எரிமலைக் குழம்பு நீர்வழிகளை அடைத்ததால் உருவானவை. கி.பி. 864இல் தொடங்கிய வெடிப்பின்போது பாய்ந்த குழம்பு, அங்கிருந்த பேரேரி ஒன்றைத் தூர்த்தது. அதில் எஞ்சிய பகுதிகளே இன்றைய சாய், ஷோஜி ஏரிகள். குழம்பு இறுகிய பாறைமீது பின்னர் எழுந்த காடே அவோகிகஹாரா. சாய், ஷோஜி, மோதொசு ஆகிய மூன்று ஏரிகளின் நீர்மட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது, அவற்றிடையே நிலத்தடித் தொடர்பு உண்டென்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. 2013இல் யுனெஸ்கோ இம்மலையையும் ஏரிகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயற்கைச் சின்னமாக அன்றிப் பண்பாட்டுச் சின்னமாகச் சேர்த்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இலை நிறம் மாறுவது ஏன்?

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவங்களைத் தமிழ் பிரித்துரைக்கும். இவற்றுள் பழுப்பு என்னும் நிலையே ஈண்டுப் பேசப்படுவது. பகற்பொழுது குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் மரம் இலைகளுக்கு ஊட்டுவதை நிறுத்திக்கொள்ள முற்படுகிறது. பச்சையம் சிதைகிறது, இலையிலுள்ள தழைச்சத்து முதலியவற்றை மரம் தன் கிளைக்கும் தண்டுக்கும் மீட்டுக்கொள்கிறது. பச்சை நீங்கவே, முன்பே இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. கிங்கோ மரம் பொன்னிறம் பெறுவது இவ்வாறே. மேப்பிள் மரத்தின் செம்மையோ புதிதாகத் தோன்றுவது. காம்பின் அடியில் தடுப்படுக்கு உருவாகுங்காலத்து, இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் செம்மை மிகும். ஆகவே, நாம் அழகு எனக் காண்பது, மரம் தன் செல்வத்தை வீணாக்காது சேமித்துக்கொள்ளும் செயலின் புறத்தோற்றமே.

உச்சியிலிருந்து கரைக்கு

ஜப்பானில் செர்ரி மலர்ச்சி தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும். இலைச் செம்மையோ வடக்கிலிருந்து தெற்காகவும் மேலிருந்து கீழாகவும் இறங்கும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். மலைவழியில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஐந்தாம் நிலையத்தில், இலையுதிர்க்கும் ஊசியிலை மரமாகிய லார்ச் அக்டோபர் முற்பகுதியிலேயே பொன்னிறம் கொள்ளும். சுமார் 980 மீட்டர் உயரத்திலுள்ள யமனாகா ஏரிக்கரை அதன்பின் சிவக்கும். ஐந்தனுள் தாழ்ந்ததாகிய, சுமார் 830 மீட்டர் உயரத்திலுள்ள கவாகுச்சி ஏரியின் மேப்பிள் வரிசை நவம்பர் முற்பாதியில் நிறைவெய்தும். ஒரு மலைச்சரிவே நாள்காட்டியாக விரிகிறது எனலாம்.

சொல்லும் நெறியும்

செவ்விலை காணச் செல்வதை ஜப்பானியர் 'மோமிஜிகாரி' என்பர். 'மோமிஜி' சிவந்த இலை, 'காரி' வேட்டை. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த மன்யோஷு என்னும் தொகைநூலில் இச்சொல் பெரும்பாலும் 'மஞ்சள் இலை' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டது. பிற்காலத்திலேயே 'சிவந்த இலை' என எழுதும் வழக்கு நிலைபெற்றது. வேட்டை என்னும் பெயர் பெற்றிருப்பினும் இது கண்ணால் மட்டுமே நிகழும் வேட்டை. அந்நெறி தவறியபோது விளைந்ததையும் அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதம், கவாகுச்சி ஏரிக்கரை ஊரில், ஒரு கடையின் பின்னே மலை தோன்றும் இடத்தில் படம் பிடிக்கக் கூடியோர் சாலை விதிகளை மீறியும் குப்பை எறிந்தும் தொல்லை தந்தனர். ஊராட்சியினர் 2.5 மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமுமுள்ள கருந்திரை கட்டி மலையையே மறைத்தனர். ஆகஸ்டில் அது நீக்கப்பட்டது. காண வந்தோராலேயே காட்சி மறைக்கப்பட்டது எத்துணைப் பெரிய முரண்!

தள்ளிப்போகும் பருவம்

வெண்பனி முடி சூடிய மலையும் அதன் அடியில் செவ்விலையும் ஒருங்கே தோன்றுவதே இப்பருவத்தின் பெருங்காட்சி. மலையுச்சியில் முதற்பனி தோன்றும் சராசரி நாள் அக்டோபர் 2. ஆனால் 2024இல் நவம்பர் 7ஆம் நாள்தான் முதற்பனி பதிவாயிற்று. 1894இல் பதிவு தொடங்கியது முதல் இதுவே மிகப் பிந்திய நாள். இலையின் நிலையும் இத்தகையதே. ஜப்பான் வானிலை நிறுவனம் 1953 முதல், குறித்த மாதிரி மரங்களில் பெரும்பாலான இலைகள் சிவந்த நாளைப் பல ஊர்களில் ஒரே முறையில் பதிந்து வருகிறது. அப்பதிவுகளின்படி மேப்பிள் சிவக்கும் நாள் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று நாள் வீதம் பிந்தி வருகிறது. வெப்பம் உயர்ந்து வருவதே இதற்கு முதன்மைக் காரணம் எனக் கொள்ளப்படுகிறது.

ஓராண்டில் பத்தில் மூன்று பங்கு நாள் என்பது எவர் கண்ணுக்கும் புலப்படாத மாற்றம். மலை அன்றுபோலவே நிற்கிறது. இலையும் அன்றுபோலவே சிவக்கிறது. காண்போரும் மகிழ்ந்து திரும்புகின்றனர். கண்டதோடு நில்லாது, ஆண்டுதோறும் நாளைக் குறித்து வைத்தோர் இருந்தமையாலேயே பருவம் நழுவுவது உலகிற்குத் தெரிய வந்தது. இயற்கையைப் போற்றுதல் என்பது வியத்தலோடு முடிவதன்று. பொறுமையோடு நோக்குதலும், நோக்கியதைப் பிழையின்றிப் பதிதலும், வருவோர்க்கு அதனைக் கையளித்தலும் அதனுள் அடங்கும். மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக.