சுங்கை டுவாவுக்கு மேலே ஒரு காடு

ஜார்ஜ் டவுன் வீடுகளில் குழாயைத் திறந்தால் கொட்டுவது பெரும்பாலும் தீவுத் தண்ணீர் அல்ல. கெடாவின் உலு மூடா காட்டில் ஊறி, மூடா ஆறாக ஓடி, லாஹார் தியாங்கில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவா ஆலையில் சுத்தமாகி, கடலடிக் குழாய்களில் அது தீவுக்கு வருகிறது. பினாங்கின் தேவையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஆற்றை நம்பியே இருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றியபோது ஐந்து மாவட்டங்களிலும் தண்ணீர் தடைப்பட்டது. இப்படி ஒவ்வொரு முறை நிற்கும்போதும், ஆலையைப் பெருக்கினால் போதும் என்ற பேச்சு எழுகிறது. அது பாதி உண்மை.

ஆற்று நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் எளிதில் படியா. படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் துகள்கள் திரண்டு தொட்டியின் அடியில் இறங்கும். தெளிந்த நீர் மணல் படுகையில் வடிந்து, குளோரின் ஏறி, குழாய்க்குப் போகும். எவ்வளவு படிகாரம் என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள்: வரிசையாக வைத்த கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு போட்டு, மெல்லக் கலக்கி, எதில் திரள் பஞ்சாகக் கூடிச் சீக்கிரம் இறங்குகிறது என்று கவனிப்பார்கள். காட்டில் மரம் விழுந்தால் மழையோடு மண் வரும். படிகாரமும் சேறும் கூடும், மணல் அடைபடும், அதைக் கழுவ நல்ல தண்ணீரே செலவாகும். கரைந்து வரும் ரசாயனம் இன்னும் மோசம். மணலில் அது நிற்காது. 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் ஆற்றில் மாசு கலந்து நாற்றமெடுத்தபோது நான்கு ஆலைகளை மூடவே வேண்டியிருந்தது; சுமார் 12 லட்சம் இணைப்புகள் வறண்டன.

அணைகள் இருக்கின்றனவே என்பார்கள். ஆயர் ஈத்தாமும் தெலுக் பஹாங்கும் சிறியவை. பெரிய மெங்குவாங் அணையை நிரப்புவதற்கும் மூடா ஆற்றிலிருந்துதான் இறைக்கிறார்கள். சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரையே நுண்சவ்வுகளில் அழுத்திச் சுத்தமாக்குகிறது. முடியாததல்ல, ஆனால் அந்த அழுத்தத்துக்கு மின்சாரம் வேண்டும். மழை இலவசமாகத் தரும் ஆற்றைக் கெடுத்துவிட்டு அந்தச் செலவை ஏற்பது என்ன கணக்கோ! வீட்டு ஃபில்டரோ, குழாயில் தண்ணீர் வந்தால்தான் வேலை செய்யும்.

காட்டைக் காப்பதால் இழக்கும் வருமானத்துக்கு ஈடு வேண்டும் என்கிறது கெடா. எல்லையில் ஓடும் ஆற்றில் எடுக்கத் தனக்கும் உரிமை உண்டு என்கிறது பினாங்கு. சட்டம் பினாங்கின் பக்கமே இருந்தாலும், கலங்கி வரும் தண்ணீருக்குப் படிகாரம் வாங்குவதும் பினாங்குதான். ஆகவே ஈடு கொடுப்பது பினாங்குக்கும் நல்லதே; ஆனால் வெறுமனே பணத்தை நீட்டவும் கூடாது. வெட்டாமல் நிற்கும் காட்டை ஆண்டுதோறும் அளந்து, அந்தப் பரப்புக்கு ஏற்ற தொகையைக் கூட்டரசு வழியாகக் கொடுக்கலாம்.